புத்தரை ஷோகேஸிலிருந்து இறக்குவோம்

தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு பரிசுப்பொருள் கடை. உள்ளே நுழைந்ததும் ஒரு அலமாரி முழுக்கப் புத்தர். பித்தளைப் புத்தர், பளிங்குப் புத்தர், தண்ணீர் கொட்டும் புத்தர், உடம்பே இல்லாமல் தலை மட்டும் உள்ள புத்தர். பக்கத்தில் தொப்பை தள்ளிச் சிரிக்கும் சீனத்துத் துறவி ஒருவர். அவரையும் புத்தர் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வீட்டில் வைத்தால் பணம் சேருமாம். ஆசையே துக்கத்துக்குக் காரணம் என்று சொன்னவரைப் பணம் சேர்க்கும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து அடையாறு போவோம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்கூடம். நடுவில் ஆளுயரப் புத்தர், சுற்றிலும் கூழாங்கல், மூங்கில் செடி. அந்தப் புத்தரைத் தினமும் துடைப்பது நம் அம்மாக்கள்தான். ஆனால் புத்தருக்கு எதிரே இருக்கும் லிஃப்டில் அவர்கள் ஏறக்கூடாது. பின்பக்கம் அவர்களுக்கென்று வேறு லிஃப்ட் இருக்கிறது. இந்த நகரத்தில் இது எத்தனை குடியிருப்புகளில் நடக்கிறது என்று வேலைக்குப் போகும் உங்கள் அம்மாவையோ சித்தியையோ கேளுங்கள்.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, புத்தர் அமைதியா இருக்கச் சொன்னவர்தானே? அடி வாங்கிட்டு இருக்குற நமக்கு எதுக்கு அந்த அமைதி? அம்பேத்கர் ஏன் போயும் போயும் அவரைப் புடிச்சாரு?"

நல்ல கேள்வி. அந்தத் தம்பிக்குத் தெரிந்த புத்தர் பாண்டி பஜார் புத்தர். அவர் மேல் குற்றமில்லை. நம் தெருக்களில் நீலக்கொடிக்குப் பக்கத்தில் புத்தர் படத்தை வைத்த நாம், அவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அதனால் இந்தக் கட்டுரையை நமக்கு நாமே சொல்லிக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திட்டினார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள்

புத்தரை அழகுப்பொருளாக்கியது இன்றைய சந்தை. அதற்கு முன்பே அவரை வேறு விதமாகக் கொன்றிருக்கிறார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிய வேண்டும்.

கபாலீசுவரர் கோயிலில் இன்றும் பாடப்படுகிறது சம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகம். மயிலாப்பூரின் திருவிழாக்களை மாதம் மாதமாகச் சொல்லும் பதிகம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அதன் பத்தாம் பாட்டைப் படித்துப் பாருங்கள். அமணரையும் சாக்கியரையும் இழித்துச் சொல்கிறது. இது மயிலாப்பூருக்கு மட்டும் நேர்ந்த தனி வசை இல்லை. சம்பந்தர் எந்த ஊருக்குப் போனாலும் பதிகத்தின் பத்தாம் பாட்டில் பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் ஒரு கூட்டத்தைத் திட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கூட்டத்தின் பேச்சை மக்கள் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

திட்டித் தீர்ந்த பிறகு அணைத்துக்கொள்வது நடக்கும். பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் அறுபத்து மூவர் ஊர்வலம் வரும்போது அதில் சாக்கிய நாயனார் என்று ஒருவரும் வருகிறார். புத்தத் துறவியின் உடையிலேயே இருந்துகொண்டு மனத்தால் சைவராக வாழ்ந்தவர் என்பது அவர் கதை. தினமும் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிவாராம். அந்தக் கல்லையும் சிவன் பூவாக ஏற்றுக்கொண்டாராம். கல்லெறிந்தவரையும் பக்தராக்கிவிடும் இந்தத் திறமைக்குமுன் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வைணவப் புராணம் அதே வேலையை வேறு மாதிரிச் செய்தது. புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்றது. அவதாரத்தின் நோக்கம் என்ன? அசுரர்களுக்குப் பொய்யான போதனை சொல்லி, வேதத்தை விட்டு விலகச் செய்து, அழிய வைப்பது. அதாவது புத்தரும் நம் கடவுள்தான், ஆனால் அவர் சொன்னது ஏமாற்று. இந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் எடுத்த 22 உறுதிமொழிகளில் இதற்கென்றே ஒன்றை வைத்தார். புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று நம்ப மாட்டேன் என்று லட்சக்கணக்கான மக்களோடு சேர்ந்து சொன்னார்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொன்னது. தாமரைப் பீடம், தியானத்தில் சேர்ந்த கைகள் என்று எல்லா அடையாளமும் இருந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து எடுத்துத் தொல்லியல் துறையிடம் கொடுக்கச் சொன்னது. அங்கே பூசை நடத்தக் கூடாது என்றும் சொன்னது. பெயர் மாறி, மதம் மாறி நின்ற ஒருவரைப் 'புத்தர்' என்று சொல்வதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அவர் எங்கிருந்து வந்தார்?

பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த கதை இது: மாளிகையில் வளர்ந்த இளவரசன், ஒரு முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் பார்த்து மனம் கலங்கி, நள்ளிரவில் மனைவி மகனை விட்டு ஓடினான். இருபத்தொன்பது வயது வரை ஒருவன் கிழவரையே பார்க்காமல் இருக்க முடியுமா என்று அம்பேத்கர் கேட்டார். சரியான கேள்வி. பழைய பாலி நூல்களில் புத்தர் தன் கதையைத் தானே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் மாளிகையிலிருந்து தப்பியோடுவது இல்லை. தாயும் தந்தையும் அழுதுகொண்டிருக்க, அவர்கள் விருப்பத்துக்கு மாறாகத் தலையை மழித்துக்கொண்டு கிளம்பியதாகத்தான் சொல்கிறார். நான்கு காட்சிக் கதை அவருடைய வாழ்க்கை வரலாறாக வளர்ந்தது பின்னாளில்.

சாக்கியர் நாடு பேரரசும் கிடையாது. குடித்தலைவர்கள் மன்றத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும் கணசங்கம் அது. கோசல அரசுக்குக் கீழ்ப்பட்டிருந்தது. இரும்பும் காசும் வணிகமும் பெருகி, மகதமும் கோசலமும் இப்படிப்பட்ட சிறு கணங்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் ஆயுதம் எடுத்த செய்தியும் பழைய நூல்களில் வருகிறது. அம்பேத்கர் தன்னுடைய 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இந்தத் தண்ணீர்ச் சண்டையைத்தான் சித்தார்த்தன் வீட்டை விட்டதற்குக் காரணமாக வைத்தார். போரில் சேர மறுத்ததால் வெளியேறினார் என்கிறார். மகத் குளத்துத் தண்ணீருக்காக 1927இல் போராடிய மனிதர் அந்தக் காட்சியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

புத்தர் தனியாகவும் வரவில்லை. அந்தக் காலத்தில் கங்கைச் சமவெளி முழுக்கச் சமணத் துறவிகள் இருந்தார்கள். மகாவீரர் இருந்தார். எல்லாம் ஊழ்ப்படி நடக்கும் என்ற ஆசீவகர் மக்கலி கோசாலர் இருந்தார். இறந்த பின் எதுவும் இல்லை என்ற அஜித கேசகம்பலர் இருந்தார். வேள்வியும் பார்ப்பனப் பிறப்புமே உயர்வு என்பதை ஒத்துக்கொள்ளாத பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த விவாதத்தில் இறங்கிப் பேசியவர் புத்தர்.

அவர் சொன்னது என்ன?

மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சார்பு. இது இருந்தால் அது உண்டாகும், இது நின்றால் அது நிற்கும் என்பது அவர் போதனையின் அடித்தளம். நான்கு வாய்மைகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, காரணத்தை நீக்கினால் அது நீங்கும், நீக்குவதற்கு வழி இருக்கிறது. நோய், நோய்க்குக் காரணம், குணம், மருந்து என்று வைத்தியர் பார்ப்பதுபோல. இதில் எங்காவது சும்மா கண்ணை மூடி உட்காரச் சொல்கிறதா? துக்கத்தைத் தலையெழுத்து என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வதற்கு இதில் இடமே கிடையாது.

நம் ஊரிலேயே பார்ப்போம். ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் வாழ்ந்த மக்களின் வீடுகள் 2022 ஏப்ரல், மே மாதங்களில் இடிக்கப்பட்டன. நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் போகச் சொன்னார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவோம் என்று அரசு சொன்னது. அப்படியானால் பக்கத்தில் இடமே இல்லை என்பது இயற்கை விதியாக இருந்ததா? காரணத்தைத் தேடு, கண்டுபிடி, நீக்கு என்று சொல்லும் தத்துவம் அந்தக் கால்வாய்க் கரையில் நிற்கும் ஆளுக்குத் தேவையா, முன்கூடத்துக் கூழாங்கல்லுக்குத் தேவையா?

இரண்டாவது, அநாத்மம். உடம்புக்குள் மாறாத, அழியாத ஆன்மா என்று ஒன்று கிடையாது. நாம் என்பது உடல், உணர்வு, குறிப்பு, மன எழுச்சிகள், அறிவு என்ற ஐந்தின் சேர்க்கை. அதுவும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. கல்லூரியில் தத்துவப் பாடம் எடுப்பவர்கள் இதை ஏதோ நுட்பமான பிரச்சினைபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். சாதியின் கணக்குப் புத்தகம் யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று யோசியுங்கள். போன பிறவியில் பாவம் செய்த ஆன்மா இந்தப் பிறவியில் சேரியில் பிறந்தது, ஒழுங்காகச் சேவகம் செய்தால் அடுத்த பிறவியில் அக்கிரகாரத்தில் பிறக்கும். இந்தக் கணக்கு செல்ல வேண்டுமென்றால் பிறவிதோறும் மாறாமல் தொடரும் ஒரு கணக்குதாரர் வேண்டும். புத்தர் அந்தக் கணக்குதாரரே இல்லை என்றார். சாதியை நியாயப்படுத்திய தத்துவத்துக்கு இதைவிடப் பெரிய அடி எது?

மூன்றாவது, பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. இதை அவர் பொத்தாம் பொதுவாகச் சொல்லவில்லை, நேருக்கு நேர் வாதாடினார். அசலாயனன் என்ற பார்ப்பன இளைஞனோடு நடந்த உரையாடலில் அவர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தோம் என்கிறீர்களே, பார்ப்பனப் பெண்களும் மற்றப் பெண்களைப்போலத்தானே கருவுற்றுப் பெறுகிறார்கள்? சந்தன மரத்தில் ஒருவர் மூட்டிய நெருப்புக்கும், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக் கட்டையில் சண்டாளர் என்று இழிக்கப்பட்டவர் மூட்டிய நெருப்புக்கும் சூட்டில் வித்தியாசம் உண்டா? யவனர், காம்போசர் நாட்டில் நான்கு வருணம் கிடையாது, ஆண்டான் அடிமை இரண்டுதான், அங்கே ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் நடக்கிறதே, அப்புறம் எப்படி வருணம் எங்கும் உள்ள இயற்கை? வேறு ஊரில் இல்லாதது இயற்கையாக இருக்க முடியாது என்ற இந்த வாதத்தைச் சமூகவியல் படிக்கும் தோழர்கள் இன்றும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

வாதத்தோடு நிற்கவில்லை. சங்கத்தில் நடைமுறைப்படுத்தினார். சாக்கிய இளைஞர்கள் துறவு பூண வந்தபோது அவர்களுக்கு முடிவெட்டிய உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கப்பட்டது. முதலில் வந்தவரைப் பின்னால் வந்தவர்கள் எழுந்து வணங்க வேண்டும் என்பது விதி. சாக்கியத் திமிர் அங்கே தரையில் விழுந்தது. குப்பை கூட்டிய சுனீதரின் கதையும் அப்படித்தான். சங்கத்தைக் கடலுக்கு ஒப்பிட்டார் புத்தர். பல ஆறுகள் வந்து சேர்ந்த பிறகு கங்கை என்றும் யமுனை என்றும் பெயர் கிடையாது, கடல் என்றே பெயர். அடையாற்று முகத்துவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வினைப்பயன் என்ன ஆனது?

இங்கே ஒரு தோழர் கையைத் தூக்குவார். புத்தரும் கர்மம் என்றுதானே சொன்னார்?

சொன்னார். ஒளிக்க வேண்டாம். நல்ல குடியில் பிறப்பதற்கும் தாழ்ந்த குடியில் பிறப்பதற்கும் முன்வினையைக் காரணம் காட்டும் சுத்தம் பாலித் திருமுறையில் இருக்கிறது. அதே திருமுறையில் இதற்கு நேர் எதிராகவும் இருக்கிறது. மனிதன் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால்தான் என்பது ஒரு தவறு, எல்லாமே கடவுள் படைப்பு என்பது இன்னொரு தவறு, எல்லாமே காரணமில்லாமல் நடக்கிறது என்பது மூன்றாவது தவறு என்று புத்தர் மறுக்கும் இடம் அது. எல்லாம் முன்வினை என்றால் கொலைகாரனையும் திருடனையும் குற்றம் சொல்ல முடியாது, எதைச் செய்ய வேண்டும் எதைச் செய்யக் கூடாது என்ற முயற்சியே அற்றுப்போகும் என்று காரணமும் சொல்கிறார். வேறோரிடத்தில், வலி பித்தத்தால் வரலாம், வாதத்தால் வரலாம், பருவ மாற்றத்தால் வரலாம், பிறர் அடித்தும் வரலாம் என்று பட்டியல் போடுகிறார். வினை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டில் எதை எடுப்பது? புத்தரின் பெயரால் வந்ததையெல்லாம் நம்ப வேண்டியதில்லை, அறிவுக்கும் மக்கள் நலனுக்கும் பொருந்துவதையே அவர் சொல்லாகக் கொள்ள வேண்டும் என்று அம்பேத்கர் வழி காட்டினார். முன்பிறவி வினையால் இந்தப் பிறவி நிலை என்பதை அவர் ஏற்கவில்லை. கேசபுத்தத்துக் காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதும் இதற்கு இடம் தருகிறது. மரபு, நூல், குரு என்ற காரணத்துக்காக எதையும் ஏற்காதே, அதனால் தீமை விளைகிறதா நன்மை விளைகிறதா என்று நீயே பார் என்றார். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவரின் வீட்டுக்குப் போய் 'முன்வினை' என்று சொல்ல முடியுமா? மனிதரை அங்கே இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் இறக்கியவர் யார் என்று கேட்பதுதான் சார்பின்படி யோசிப்பது.

ராயப்பேட்டை, 1898

இதையெல்லாம் நமக்கு வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததாக நினைக்கும் தோழர்கள் உண்டு. நாக்பூருக்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு, மயிலாப்பூருக்குப் பக்கத்து ராயப்பேட்டையில் இது தொடங்கிவிட்டது.

1892இல் விக்டோரியா ஹாலில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, எங்கள் மக்களுக்கு விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் நுழைய உரிமை வேண்டும் என்றார். தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி, உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணசாமி என்று நாங்கள் கொடுத்திருக்கிறோமே என்றார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டார். கோயில் வாசலில் கையேந்தும் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்ட மனிதர் அடுத்த ஆறு ஆண்டில் பௌத்தத்துக்கு வந்தார்.

அடையாறு தியோசாபிகல் சொசைட்டியின் கர்னல் ஆல்காட் அப்போது நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்திவந்தார். பண்டிதர் அவரிடம் போனார். எங்கள் மக்கள் பழைய பௌத்தர்கள், அந்த மதத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார். 1898இல் ஆல்காட்டோடு கொழும்பு போய்ச் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைந்தது. உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1898இல்தான். ஆல்காட் நமக்குப் பௌத்தம் கொடுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள்.

1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை வந்தது. அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறியது. கோலார் தங்கச் சுரங்கத்திலும் ரங்கூனிலும் வேலை செய்த நம் ஆட்கள் அதைப் படித்தார்கள், கிளைச் சங்கம் தொடங்கினார்கள். புத்தர் வரலாற்றைத் தமிழ் நூல்களிலிருந்தே எடுத்துப் பண்டிதர் தொடர்ந்து எழுதினார். பிறப்பால் பார்ப்பனர் என்போரை 'வேஷப் பிராமணர்' என்றார். ஒழுக்கத்தால் உயர்ந்த பௌத்தரே 'யதார்த்தப் பிராமணர்' என்றார்.

அதே 1907இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்துவந்த பேராசிரியர் லட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரத்தைச் சொல்லும் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். கடவுளும் ஆன்மாவும் சடங்கும் இல்லாத, அறிவுக்குப் பொருந்தும் பௌத்தம் அவருடையது. சிங்காரவேலரும் அவர் பக்கம் இருந்தார். பண்டிதருக்கும் இவர்களுக்கும் கடுமையான கருத்து மோதல் நடந்தது. ஒருவர் பௌத்தத்தை நம் மக்களின் பழைய வரலாறாகப் படித்தார். மற்றவர்கள் எல்லா மனிதருக்குமான அறிவு நெறியாகப் படித்தார்கள். நமக்கு இரண்டும் வேண்டும். லட்சுமி நரசுவின் நூலை 1948இல் மறுபதிப்புச் செய்து முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? அம்பேத்கர். போயும் போயும் ஏன் புத்தரைப் பிடித்தார் என்று கேட்ட தம்பிக்கு விடையின் ஒரு பகுதி இந்தச் சென்னையிலேயே அச்சாகியிருந்தது.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

எதிரியை மட்டும் கேள்வி கேட்டால் போதாது. புத்தரையும் நம்மையும் கேட்க வேண்டும்.

சங்கத்துக்குள் சாதி இல்லை என்று சொன்ன அதே விநயத்தில், தப்பி வந்த அடிமைக்கும் கடன்காரருக்கும் அரசுப் படையாளுக்கும் துறவு கொடுக்கக் கூடாது என்ற விதி வந்தது. ஆண்டைகளும் அரசரும் முறையிட்ட பிறகு வந்தது. மகாபிரஜாபதி கௌதமி பெண்களுக்கும் இடம் கேட்டபோது, ஆனந்தர் வாதாடிய பிறகுதான் இடம் கிடைத்தது. அதுவும் எட்டு நிபந்தனைகளோடு. நூறு ஆண்டு மூத்த பிக்குணியும் இன்று துறவேற்ற பிக்குவை வணங்க வேண்டுமாம். உபாலிக்குக் கிடைத்த மரியாதை கௌதமிக்குக் கிடைக்கவில்லை. நம் இயக்க மேடைகளில் பெண் தோழர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இலங்கையைக் காட்டாமலும் இருக்க முடியாது. காவி கட்டிய பிக்குகள் தமிழர் மேல் போரை ஆதரித்ததை நாம் பார்த்தோம். அதற்கும் முன்பே அங்கே சங்கத்துக்குள் சாதி புகுந்துவிட்டது. 1753இல் தொடங்கிய சியாம் நிகாயம் கொவிகம சாதியாருக்கு மட்டும் என்று ஆனது. மற்றச் சாதியார் பர்மா போய்த் துறவேற்று வந்து அமரபுர நிகாயம் என்று தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. பண்டிதருக்குப் பஞ்சசீலம் கொடுத்த சுமங்கல தேரரும் சியாம் நிகாயத்தவரே. புத்தர் பெயர் இருந்தால் போதும், சாதி ஓடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதுவே பதில். சாதி எந்தக் காவிக்குள்ளும் நுழையும். நம் நீலத்துக்குள்ளும் உட்சாதியாக நுழையும், நுழைந்தும் இருக்கிறது.

இன்னொன்று. பழைய கோயில் எதைப் பார்த்தாலும் 'இது புத்த விகாரை' என்று பதிவு போடும் பழக்கத்தை விடுவோம். சேலத்தில் வென்றது ஆவேசம் இல்லை, ஆய்வறிக்கை. மயிலாப்பூரில் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதியபோது கல்வெட்டு, இலக்கியம், சிலை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? இவ்வளவு சான்று கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

என்ன செய்யலாம்?

முதலில் பயத்தைப் போக்குவோம். பௌத்தம் ஏற்றால் சாதிச் சான்றிதழ் போய்விடும், ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று கல்லூரி அலுவலகத்திலேயே சிலர் மாணவர்களை மிரட்டுகிறார்கள். 1950 ஆணையில் இந்துக்கள் மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் சாதியில் பிறந்து பௌத்தம் ஏற்றவருக்கு அந்த உரிமை சட்டப்படி உண்டு. கிறித்தவம், இஸ்லாம் ஏற்ற நம் உறவுகளுக்கு அது இன்னும் மறுக்கப்படுகிறது, அந்தப் போராட்டமும் நம்முடையதே. மதம் மாறச் சொல்லி இதை எழுதவில்லை. மாற நினைப்பவர் பொய்க்குப் பயந்து நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

அடுத்து, படிப்போம். ஒரு கூட்டத்துக்கு ஒரு சுத்தம் போதும். அசலாயனனில் தொடங்குங்கள். அடுத்து காலாமர், அடுத்து மணிமேகலையின் அறவணர் பேச்சு. பண்டிதரின் கட்டுரைகள் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் அவருக்கு மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அவர் எழுதியதில் பத்துப் பக்கத்தையும் கையில் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் சரியாக வரவில்லை. இன்று இப்படிச் சொல்வோம்: தம்பி, புத்தர் அமைதியைப் பற்றிப் பேசியது உண்மை. காரணத்தை நீக்கிய பிறகு வரும் அமைதி அது. காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு உன்னை மட்டும் அமைதியாக இருக்கச் சொல்கிறவர்கள் அடையாறில் பின்பக்கம் தனி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வா. அம்மாவுக்கு அன்று வேலை இல்லையென்றால் அவரையும் அழைத்து வா. அந்த லிஃப்டின் காரணத்தை அவரிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்.